கொரிய அரிசி கேக்: வாங்குவது, வைத்திருப்பது, சமைப்பது

கொரியத் தொடர் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பாக்கெட் அரிசி கேக் வாங்குகிறவர்கள் அடுப்பில் கோட்டை விடுவது குறைவு. பெரும்பாலும் அதற்கு முன்பே, பிரிட்ஜில் விட்டுவிடுகிறார்கள். பாதியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மீதியை அப்படியே பிரிட்ஜில் வைப்பார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தால் கட்டையாக விறைத்து, ஓரமெல்லாம் வெடித்துக் கிடக்கும். கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். உண்மையில் அது கெட்டிருக்காது.

நடப்பது இதுதான். அரிசி மாவை வேகவைக்கும்போது அதிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரை இழுத்து உப்பி மென்மையாகிறது. ஆறியதும் அதே ஸ்டார்ச் மறுபடி இறுகத் தொடங்குகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக நம் பிரிட்ஜின் குளிரில். பிரீசரில் அநேகமாக நின்றுபோகிறது. தண்ணீரோடு சூடுபடுத்தினால் பழைய மென்மை திரும்பிவிடுகிறது. பிரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்து, ஆவியில் வைத்ததும் இளகுவதும் இதே கதைதான். அரிசி கேக்கை வாங்குவது, வைத்திருப்பது, ஊறவைப்பது, சூடாகச் சாப்பிடுவது எல்லாமே இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன.

எதை வாங்குவது

கொரியாவில் அரிசி மாவில் செய்யும் பண்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'டொக்'. சூசொக் என்ற அறுவடைத் திருநாளுக்கு எள், சர்க்கரைப் பூரணம் வைத்து, பைன் ஊசியிலைகளின் மேல் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் சொங்பியொன் ஒரு வகை. பிறந்த குழந்தையின் நூறாவது நாளுக்குச் செய்யும் வெள்ளை வெளேர் பெக்சொல்கி இன்னொன்று. ஒட்டும் அரிசியை இடித்து, வறுத்த சோயா மாவில் புரட்டி எடுக்கும் இன்ஜொல்மி மற்றொன்று. இவையெல்லாம் வாங்கி அப்படியே வாயில் போடுகிறவை. கிடைத்தால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரை சமைத்துச் சாப்பிடும் வகையைப் பற்றியது.

சமைக்கும் வகைகளுக்கு மூலம் ஒன்றுதான்: கரேடொக். ஒட்டாத சாதாரண அரிசியின் மாவை ஆவியில் வேகவைத்து, இயந்திரத்தில் அழுத்தி நீளமான வெள்ளைக் கயிறாக வெளியே இழுப்பார்கள். விரல் தடிமனில் இழுத்துச் சிறு துண்டுகளாக வெட்டினால், சாஸில் கொதிக்கவைத்துச் செய்யும் டொக்பொக்கிக்கானது. தடிமனான கயிற்றைச் சாய்வாக, மெல்லிய வில்லைகளாகச் சீவினால் சூப்புக்கானது. கேசொங் நகரத்துப் பாணியில் நடுவே இடுப்பு வைத்து உருட்டிய குட்டி உருண்டைகளும் உண்டு, அவையும் சூப்புக்குத்தான்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் விரல் வடிவத் துண்டுகளையே எடுங்கள். அதில் எல்லாம் செய்யலாம், சூப் வேண்டுமென்றால் கத்தியால் சீவிக்கொள்ளலாம். வில்லைகளை வாங்கி டொக்பொக்கி செய்யவும் முடியும். ஆனால் அவை சீக்கிரம் வெந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், கை விடாமல் கிண்ட வேண்டியிருக்கும். உள்ளே சீஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் அடைத்தவை கவர்ச்சியாக இருக்கும்தான். கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தால் வெடித்து, உள்ளே இருப்பது குழம்பில் கரைந்துவிடும். கை பழகிய பிறகு அவற்றுக்குப் போகலாம்.

அடுத்து, அரிசியா கோதுமையா என்று பாருங்கள். பெயர் அரிசி கேக் என்றாலும் கொரியாவில் கோதுமை மாவில் செய்ததும் ஏராளமாக விற்கிறது. கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது. அரிசி பற்றாக்குறையாக இருந்ததால் அரசே மாவுப் பண்டங்களைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. தெருவோர டொக்பொக்கி பரவியது அந்தக் காலத்தில்தான், அதனால் அது பெரும்பாலும் கோதுமையிலேயே பரவியது. பள்ளிக்கூட வாசலில் அதைத் தின்று வளர்ந்தவர்கள் இன்றும் கோதுமைதான் அசல் என்று சண்டைக்கு வருவார்கள். கோதுமை வகை மெத்தென்று இருக்கும், காரத்தை நன்றாக உறிஞ்சும், நேரம் கூடினாலும் குழையாது. அரிசி வகையில் கடிக்கும்போது ஓர் எதிர்ப்பு இருக்கும், அரிசியின் இனிப்பும் தெரியும். என் ஓட்டு அரிசிக்கு.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதை ருசி விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேக் முழுக்க அரிசியாக இருந்தாலும் கோச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுதில் கோதுமை சேர்ப்பது வழக்கம், சாதாரண சோயா சாஸிலும் இருக்கும். மூன்றின் லேபிளையும் பார்த்தாக வேண்டும். சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் அரிசி கேக்கில் பெரும்பாலும் அரிசியும் உப்பும்தான் இருக்கும். பாக்கெட்டுக்குள்ளேயே வரும் சாஸ் பொட்டலத்தில் மீன், மாட்டிறைச்சிச் சாறு கலந்திருப்பது சகஜம். சந்தேகமாக இருந்தால் அந்தப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுச் சாஸை நீங்களே செய்யுங்கள், ஒன்றும் பெரிய வேலையில்லை.

கடையில் அரிசி கேக் மூன்று இடங்களில் இருக்கும். அலமாரியில் இருப்பது காற்று நீக்கிய பாக்கெட். பல மாதம் தாங்கும், எந்தக் கூரியரிலும் வரும். கெடாமலிருக்க இதில் எத்தனால் சேர்ப்பார்கள், சிலவற்றில் லேசான அமிலமும் உண்டு. பிரித்ததும் ஒரு புளித்த வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம், கழுவிக் கொதிக்கவைத்தால் போய்விடும். ஹலால் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த எத்தனால் விஷயத்தைக் கவனித்து, முத்திரை உள்ளதையே எடுப்பது நல்லது. குளிர்பெட்டியில் இருப்பது புதிதாக இருந்தால் மிக நன்றாக இருக்கும். தேதி நெருங்கிவிட்டிருந்தால் வாங்காதீர்கள். பிரீசரில் இருப்பதில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: பாக்கெட்டுக்குள் பனித்தூள் குவிந்திருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த வகையானாலும் பாக்கெட் உப்பியிருந்தால், பச்சையாகவோ கருப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் வேண்டாம்.

சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய நிறுவனங்கள் பெருகின. அவற்றில் வேலை பார்க்க வந்த குடும்பங்களுக்காக நகரத்தில் கொரிய மளிகைக் கடைகளும் வந்தன. அங்கே நேரில் போய் எடுப்பதே மேல். மற்ற ஊர்க்காரர்கள் இணையத்தில் வாங்குவதானால் அலமாரி வகையை வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் உறைந்த பொருளை இரண்டு நாள் லாரியில் வரவழைப்பது சூதாட்டம். இவ்வளவு மெனக்கெடுவதற்கு முன் நாக்குக்குப் பிடிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வெந்நீர் ஊற்றி மைக்ரோவேவில் வைக்கிற கப் டொக்பொக்கி ஒன்றை வாங்கிப் பாருங்கள். ருசி சுமார்தான், ஆனால் அந்தச் சவ்வுத்தன்மை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும்

பிரிக்காத அலமாரி பாக்கெட்டை வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். பிரித்துவிட்டால், அல்லது குளிர்பெட்டி வகையானால், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுமா? அப்படியானால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கலாம். விறைக்கும், ஆனால் சமைத்தால் சரியாகிவிடும். தீராது என்றால் அன்றைக்கே பிரீசருக்கு அனுப்புங்கள். நாலு நாள் பிரிட்ஜில் கிடந்து விறைத்த பிறகு பிரீசருக்கு மாற்றுவதில் ஒரு லாபமும் இல்லை. இறுகியதைப் பிரீசர் இளக்காது.

பிரீசரில் வைப்பதற்கும் முறை உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைக் கையால் பிரியுங்கள், மென்மையாக இருக்கும்போது எளிதாக வரும். ஒரு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஓரிரு மணி நேரம் பிரீசரில் வைத்து, கெட்டியானதும் ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று மாதம் தரம் குறையாமல் இருக்கும். மொத்தமாகக் கவரில் போட்டு உறையவிட்டால் ஒரே பாறையாகிவிடும், பிறகு சுத்தியல்தான்.

தண்ணீரில் மூழ்கவைத்துப் பிரிட்ஜில் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றும் பழக்கமும் உண்டு. ஓரிரு நாளுக்கு அது சரி, அதற்கு மேல் வழவழப்பும் புளிப்பும் வந்துவிடும்.

சமைக்கும் முன்

அன்று செய்த புதிய கேக் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், கழுவிவிட்டு அடுப்பில் போடலாம். உறைந்ததையும் விறைத்ததையும் பச்சைத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். அவசரமானால் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுக்கலாம். அலமாரி வகைக்கு இந்தக் கொதிநீர்க் குளியலே சிறந்தது, வாடையும் போய்விடும். மணிக்கணக்கில் ஊறவைக்காதீர்கள், வெளிப்புறம் மட்டும் சொதசொதவென்றாகி, கொதிக்கும்போது உரியும். பிரீசரிலிருந்து எடுத்து வெறுமனே மேடையில் வைத்து உருகவிடுவதும் வேண்டாம். மேல்புறம் காய்ந்து கீறல் விடும்.

காரமான டொக்பொக்கி

இன்று எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு டொக்பொக்கி, பழைய பண்டத்தின் இளைய வடிவம். அதற்கு முன்பிருந்தது சோயா சாஸில் இறைச்சியும் காய்களும் சேர்த்துச் செய்யும் காரமில்லாத அரண்மனைப் பாணி. சியோலின் சின்தாங்தொங் பகுதியில் 1953-இல் கடை போட்ட மா போக்ரிம் என்ற பெண்மணிதான் கோச்சுஜாங் சேர்த்து இதை விற்கத் தொடங்கியவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தத் தெரு இன்று முழுக்க டொக்பொக்கிக் கடைகள்தான்.

இரண்டு பேருக்கு: அரிசி கேக் 300 கிராம், தண்ணீர் அல்லது சாறு 500 மில்லி, கோச்சுஜாங் 2 டேபிள்ஸ்பூன், கோச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், நசுக்கிய பூண்டு 1 டீஸ்பூன். கூடவே ஓமுக் என்கிற தகட்டு மீன் கேக் இரண்டு, வெங்காயத்தாள் கொஞ்சம், விருப்பமானால் அவித்த முட்டை.

கோச்சுஜாங்குக்கு மாற்று கிடையாது. சோயா, அரிசி, மிளகாய் எல்லாம் சேர்ந்து புளித்த அந்தச் சுவையை வேறெதிலும் எடுக்க முடியாது, அதை வாங்கித்தான் ஆக வேண்டும். கோச்சுகாரு கிடைக்கவில்லை என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஓரளவு ஈடுகொடுக்கும், அளவை மட்டும் சற்றுக் குறையுங்கள். வீட்டில் சாம்பாருக்குப் போடும் தூளை அதே அளவில் போட்டால் யாராலும் சாப்பிட முடியாது.

முதலில் சாறு. கொரியர்கள் காய்ந்த நெத்திலியின் தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, தாசிமா என்ற தடித்த கடற்பாசியின் ஒரு துண்டோடு பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். தாசிமாவைப் பாதியிலேயே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாறு கொழகொழப்பாகும். நம் கடை நெத்திலிக் கருவாட்டிலும் செய்யலாம். ஆனால் அதில் உப்பு அதிகம், இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் போட்டு, பிறகு சோயா சாஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைவத்துக்குத் தாசிமாவும் காய்ந்த ஷிடேக் காளானும் போதும். ஓமுக்குக்குப் பதில் முட்டைக்கோஸும் காளானும் போடுங்கள்.

அகலமான வாணலியில் சாற்றை ஊற்றி, விழுது, தூள், சோயா, சர்க்கரை, பூண்டு எல்லாவற்றையும் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் அரிசி கேக்கைப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். இங்கேயிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. கேக் அடியில் போய் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி அடியோடு கிளறிவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஓமுக்கை வெட்டிப் போடுங்கள். மொத்தம் எட்டுப் பத்து நிமிடத்தில் கேக்கிலிருந்து இறங்கும் ஸ்டார்ச்சாலேயே குழம்பு பளபளப்பாகக் கெட்டிப்படும், தனியாகச் சோள மாவு எதுவும் கரைத்து ஊற்ற வேண்டாம். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மாவுபோல் உதிர்ந்தால் இன்னும் இரண்டு நிமிடம், கொஞ்சம் வெந்நீரும். சீராக இழுபட்டால் வெங்காயத்தாளைத் தூவி இறக்கிவிடுங்கள்.

ஆறினால் குழம்பு இன்னும் இறுகும். அதனால் வேண்டிய பதத்துக்குச் சற்று முன்னதாக, கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குங்கள். பரிமாற எல்லோரும் உட்கார்ந்த பிறகு சமைக்கத் தொடங்குவதே நல்லது. கடைசியில் ஒரு பாக்கெட் கொரிய நூடுல்ஸைப் போட்டால் ரபொக்கி, அதற்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். காரம் தாங்காத பிள்ளைகளுக்கு விழுதையும் தூளையும் விட்டுவிட்டு, 2 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் சர்க்கரை, பூண்டு, காளான், கேரட், அரை கப் தண்ணீர் என்று செய்து கடைசியில் நல்லெண்ணெய் விடுங்கள். அரண்மனைப் பாணிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, மணம் தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது, கொரிய எண்ணெயை வாங்கி வைத்திருந்தால் சில துளி போதும்.

சூப்பும் வறுவலும்

டொக்குக் என்ற சூப் கொரியாவின் சந்திரப் புத்தாண்டுக் காலை உணவு. ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடிவிட்டது என்பார்கள். 2023 ஜூனில் சட்டப்படி வயதுக் கணக்கையே மாற்றி எழுதிவிட்டார்கள், சூப்பை விட யாரும் தயாராக இல்லை. செய்முறை சுருக்கமானது: மாட்டிறைச்சிச் சாறு மரபு, கோழிச் சாறும் நெத்திலிச் சாறும் ஆகும். ஊறவைத்த வில்லைகளைக் கொதிக்கும் சாற்றில் போட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மிதந்து மென்மையாகும். உப்பு, சோயா, மிளகுத்தூள் பார்த்துச் சேர்த்து, அடித்த முட்டையை மெல்லிய கம்பியாக ஊற்றி இறக்குங்கள். மேலே வெங்காயத்தாளும், கிம் என்ற காய்ந்த கடற்பாசித் தாளை நொறுக்கியதும். இதில் ஒரே ஆபத்து அதிகம் வேகவிடுவதுதான், வில்லைகள் கரைந்து சூப் கஞ்சியாகிவிடும்.

வறுத்துச் சாப்பிடுவது எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். சியோலின் தொங்இன் சந்தையில் சாஸே இல்லாமல் மிளகாய்த்தூளில் புரட்டி எண்ணெயில் வதக்கி விற்கிறார்கள். வீட்டில் செய்ய, ஊறவைத்த துண்டுகளைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, தட்டைச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குறைந்த தீயில் பொன்னிறமாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். அதன் மேல் தேன் விட்டால் ஒரு ருசி. சோயாவும் கோச்சுகாருவும் தூவினால் வேறு ருசி.

நிறைய எண்ணெயில் பொரிக்க மட்டும் போகாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, கேக் பட்டென்று வெடித்துக் கொதிக்கும் எண்ணெயை முகத்தில் தெறிக்கவிடும். ஏர் ஃபிரையரிலும் உப்பி வெடிக்கும், சிறு கீறல் போட்டு, சூட்டைக் குறைத்து வையுங்கள்.

வீட்டிலேயே கேக்கைச் செய்யலாமே என்று தோன்றும். நம் பச்சரிசி மாவில் செய்தால் உதிரும், இழுபடாது, ஏனென்றால் நம் அரிசிகளில் பலவற்றில் அமைலோஸ் என்ற ஸ்டார்ச் கூடுதல். கொரியாவில் பயன்படுவது குட்டையான, பசை கூடிய அரிசி. மரவள்ளி மாவு கொஞ்சம் கலந்து, ஆவியில் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே கை வலிக்கப் பிசைந்து உருட்டினால் கிட்டத்தட்ட வரும். அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

மீந்த டொக்பொக்கியைப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடலாம். சூடுபடுத்தும்போது கால் கப் தண்ணீர் சேர்த்து மூடி போட்டு, துண்டின் நடுப்பகுதி இளகும் வரை குறைந்த தீயில் வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பதானால் முழுத் துண்டாகக் கொடுக்காதீர்கள். இது தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடிய பண்டம். கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக நறுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக மெல்லச் சொல்லிக் கொடுங்கள்.